பாகுநிலை இழப்பைக் கணக்கிடுவது எப்படி? சிமுலேஷனுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் கிரைண்டிங் ஸ்பிண்டில் செய்துகொடுக்கும் ஒரு பட்டறை. என் எம்.இ. புராஜெக்ட் அங்கேதான் ஆரம்பித்தது. 60 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்ட், 60 மி.மீ. நீளமுள்ள புஷ்ஷுக்குள் எண்ணெய்ப் படலத்தில் மிதந்தபடி நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது. புஷ் சூடாகிறது. எண்ணெய் உரசுவதால் மட்டும் உள்ளே எவ்வளவு வெப்பம் பிறக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். இதைத்தான் விஸ்கஸ் டிஸ்ஸிபேஷன் என்கிறோம், தமிழில் பாகுநிலை இழப்பு. பாகுநிலை என்பது திரவத்தின் பிசுபிசுப்பு.

இரண்டு வாரம் கழித்து 1,165 வாட் என்று எழுதி எடுத்துக்கொண்டு போனேன். பட்டறை அண்ணன் தாளைப் பார்த்தார். "ஏம்ப்பா, இந்த மோட்டாரே ஒன்றரை ஹெச்பிதான். மொத்தத்தையும் புஷ்ஷே தின்னுட்டா இங்க வேலை எப்படி நடக்குது?" என்று கேட்டார். ஒன்றரை ஹெச்பி என்றால் சுமார் 1,120 வாட். நான் சொன்ன இழப்பு மோட்டாரின் சக்தியைவிட அதிகம்! வண்ண வண்ணமாகப் படம் போட்டுக்கொண்டு போன எனக்கு இந்தக் கூட்டல் கழித்தல் தோன்றவே இல்லை.

சரியான விடை 484 வாட். அதற்கு வந்து சேர மூன்று மாதம் ஆனது. உங்களுக்கு மூன்றரை வாரத்தில் முடிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஓட்டத்தைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோம், அதன் முடிவைப் படமாகக் காட்டும் பாராவியூ இரண்டையும் வைத்துச் சொல்கிறேன். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் படிகள் இவையேதான்.

1. கம்ப்யூட்டரைத் தொடும் முன் மூன்று காகிதம்

முதலாவது, வரைபடம். பாகுநிலை இழப்பை நிர்ணயிப்பதில் இடைவெளிக்குப் பெரிய பங்கு உண்டு. படலத்தின் தடிமன் பாதியானால் வாட் இரண்டு மடங்காகும். பட்டறையில் "பாயின்ட் ஒன் கிளியரன்ஸ்" என்று சொன்னால் அது விட்டத்தில் 0.1 மி.மீ. என்று பொருள். ஷாஃப்டைச் சுற்றி ஒரு பக்கத்தில் எண்ணெய் நிற்கும் தடிமன் அதில் பாதி, 0.05 மி.மீ. என் ஜூனியர் ஒருவர் 0.1ஐ அப்படியே போட்டு 242 வாட் என்று விடை கொண்டுவந்தார். மற்ற எல்லாம் சரி, இந்த ஒரு எண்தான் தவறு. அதனால் வரைபடத்தை வாங்கும்போதே "இது விட்டத்திலா, ஆரத்திலா?" என்று கேட்டுப் பென்சிலால் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் மைக்ரோமீட்டரில் ஷாஃப்டையும், போர் கேஜில் புஷ்ஷையும் உங்கள் முன்னாலேயே அளக்கச் சொல்லுங்கள். தேய்ந்த புஷ்ஷின் அளவு வரைபடத்தில் இருக்காது.

இரண்டாவது, எண்ணெயின் டெக்னிக்கல் டேட்டா ஷீட். பட்டறைகளில் இதைக் கேட்டால் பக்கெட்டைக் காட்டுவார்கள். பக்கெட்டில் "விஜி 68" என்று மட்டும் இருக்கும். ஐஎஸ்ஓ விஜி 68 என்றால் 40 டிகிரி செல்சியஸில் 68 சென்டிஸ்டோக் (பாகுநிலையின் ஒரு அலகு), அதிலும் 10 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். அது மட்டும் போதாது. 100 டிகிரியில் எவ்வளவு என்பதும் வேண்டும், அடர்த்தியும் வேண்டும். தயாரிப்பாளரின் இணையதளத்தில் டேட்டா ஷீட் பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும். அதில் ஒரு கண்ணி உண்டு. பாகுநிலையை 40, 100 டிகிரிக்குத் தருவார்கள், அடர்த்தியைப் பல நேரம் 15 டிகிரிக்குத் தருவார்கள். இரண்டையும் அப்படியே பெருக்கிவிடாதீர்கள்.

மூன்றாவது, ஆய்வகச் சோதனை அறிக்கை. புது எண்ணெய் என்றால் இது தேவையில்லை. மாதக்கணக்கில் ஓடிய எண்ணெய் என்றால் எடுத்தே ஆக வேண்டும். நான் அரை லிட்டர் சாம்பிள் கொடுத்தேன். நான்கு வேலை நாளில் அறிக்கை கையில் வந்தது. பாகுநிலை எண் இருந்தது, எந்த வெப்பநிலையில் அளந்தது என்பது அதில் இல்லை. கேட்டதற்கு, திரும்ப விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னார்கள். இன்னும் மூன்று நாள் போனது. நீங்கள் சாம்பிள் கொடுக்கும் அன்றே படிவத்தில் "40, 100 இரண்டு வெப்பநிலையிலும் அளந்து, வெப்பநிலையை அறிக்கையில் குறிப்பிடவும்" என்று எழுதி, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

2. செலவும் நாளும்

ஓப்பன்ஃபோம், பாராவியூ, வரைய ஃப்ரீகேட் மூன்றும் இலவசம். மும்பை ஐஐடியின் ஃபாஸ்ஸீ திட்டத்தில் ஓப்பன்ஃபோமுக்கு இலவசக் காணொலிப் பாடங்கள் இருக்கின்றன, அங்கிருந்து தொடங்குங்கள். இன்னொரு மென்பொருளான ஆன்சிஸின் மாணவர் பதிப்பும் இலவசம்தான், ஆனால் மெஷ் (ஓட்டம் நடக்கும் இடத்தைச் சின்னச் சின்னச் செல்களாகப் பிரிக்கும் வலை) அளவுக்கு உச்சவரம்பு உண்டு. இந்தக் கட்டுரையில் வரும் கணக்குகள் எதுவும் அந்த வரம்பைத் தொடாது. கிராக் செய்த மென்பொருளை பென்டிரைவில் யாராவது நீட்டினால் வாங்க வேண்டாம். பாதி சிமுலேஷனில் நின்றுபோனால் யாரிடமும் கேட்க முடியாது, ஆய்விலும் அதன் பெயரைப் போட முடியாது.

என் கையிலிருந்து போனது எண்ணெய்ச் சோதனைக்கும், பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து கப்பலூருக்கு ஐந்தாறு முறை டவுன் பஸ்ஸில் போய் வந்ததற்கும், பிரிண்டுக்கும். எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குள்.

நாள் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். காகிதங்கள் சேர ஒரு வாரம். மென்பொருள் பழக ஒரு வாரம். கீழே வரும் மூன்று சோதனைகளுக்கு மூன்று நாள். நிஜ கேஸ், அதாவது ஸ்பிண்டிலின் கணக்கு, ஒரு வாரம். இதில் கம்ப்யூட்டர் ஓடும் நேரம் மிகக் குறைவு. மூன்றாவது சோதனையான குழாய்க் கேஸ் சில நிமிடங்களில் முடியும். நாளைத் தின்பது தப்பைத் தேடுவதுதான்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் ஏரியாவில் என்றைக்கு என்று முன்பே பார்த்துவிட்டு நீளமான ரன்னைத் தொடங்குங்கள். இடையிடையே முடிவைச் சேமிக்கும்படி அமைத்துவிட்டால், கரண்ட் போனாலும் கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து தொடரலாம். நான் ஒரு முறை சேமிக்கும் இடைவெளியை அதிகமாக வைத்து ஒரு முழு இரவை இழந்தேன். மே மாதத்தில் இன்னொன்று: அறை 38, 39 டிகிரியில் இருக்கும்போது லேப்டாப் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ராத்திரி ஓட விடுங்கள்.

3. அலகுகளை ஒரே தாளில் எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பாகுநிலை இரண்டு வகை. டேட்டா ஷீட்டில் சென்டிஸ்டோக்கில் வருவது கைனமாட்டிக், அதாவது அடர்த்தியால் வகுத்தது. வெப்பக் கணக்குக்கு வேண்டியது டைனமிக், பாஸ்கல்-செகண்டில் வருவது. சென்டிஸ்டோக் எண்ணைப் பத்து லட்சத்தால் வகுத்து, அதே வெப்பநிலையின் அடர்த்தியால் பெருக்கினால் டைனமிக் வந்துவிடும்.

என் எண்ணெய்க்கு 15 டிகிரியில் அடர்த்தி கன மீட்டருக்கு 870 கிலோ. இந்த மாதிரிக் கனிம எண்ணெய்களில் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.65 கிலோ குறையும் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் 40 டிகிரியில் 854, 60 டிகிரியில் 841. 40 டிகிரியில் 68 சென்டிஸ்டோக் என்பது 0.058 பாஸ்கல்-செகண்ட்.

60 டிகிரியில் பாகுநிலை என்ன? 40க்கும் 100க்கும் நடுவே நேர்கோடு போட்டுவிடாதீர்கள். என் டேட்டா ஷீட்டில் 100 டிகிரிக்கு 8.7 சென்டிஸ்டோக் இருந்தது. நேர்கோடு போட்டால் 60 டிகிரிக்கு 48 என்று வரும். உண்மையில் அது 29ஐ ஒட்டி இருக்கும். இதற்கு வால்தர் சமன்பாட்டைப் பயன்படுத்துங்கள்: சென்டிஸ்டோக் எண்ணோடு 0.7 கூட்டி, இரண்டு முறை லாக் எடுத்தால் கிடைப்பது, கெல்வின் வெப்பநிலையின் லாகுக்கு எதிராக நேர்கோடாக இருக்கும். எக்செலில் பத்து நிமிட வேலை. 28.7 சென்டிஸ்டோக், அதாவது 0.0241 பாஸ்கல்-செகண்ட் என்று எனக்கு வந்தது. இருபது டிகிரி ஏறியதும் பாகுநிலை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. என் 1,165 வாட் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். ஓடும் எண்ணெய்க்கு 40 டிகிரி எண்ணைப் போட்டிருந்தேன்.

ஓப்பன்ஃபோமில் இன்னொரு கண்ணி. அடர்த்தி மாறாத ஓட்டத்துக்கான தீர்வுநிரல்களில் (சால்வர்) அழுத்தம் பாஸ்கலில் வராது. அடர்த்தியால் வகுத்துத்தான் வரும். 2,320 பாஸ்கல் இருக்க வேண்டிய இடத்தில் 2.72 என்று பார்த்துவிட்டு, கேஸையே அழித்துத் திரும்பச் செய்தவர்களை எனக்குத் தெரியும். 854ஆல் பெருக்கிப் பாருங்கள், சரியாக இருக்கும்.

4. சூத்திரம்

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது கரண்டியைச் சுழற்றினால் கை கடுக்கிறதே, அந்த உழைப்பு எங்கே போகிறது? பாகின் ஒரு அடுக்கு பக்கத்து அடுக்கை இழுத்து உரச, அந்த உரசலில் வெப்பமாகிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், பாகு வேகமாக ஓடுவதால் வெப்பம் வருவதில்லை. பக்கத்துப் பக்கத்து அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் ஓடுவதால்தான் வருகிறது.

ஆகவே கணக்குக்கு வேண்டியது திசைவேகம் அல்ல, திசைவேகச் சரிவு, அதாவது வேகம் இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது என்பது. முப்பரிமாணத்தில் அது மூன்றுக்கு மூன்று, ஒன்பது எண்கள் கொண்ட ஒரு அணி. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: அந்த அணியையும், அதன் வரிசைகளை நிரல்களாக்கிய அணியையும் கூட்டிப் பாதியாக்குங்கள். கிடைப்பது திரிபு வீத அணி. அதன் ஒன்பது எண்களையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையை டைனமிக் பாகுநிலையின் இரண்டு மடங்கால் பெருக்குங்கள். விடை கன மீட்டருக்கு வாட். அடர்த்தி மாறும் வாயுவாக இருந்தால், திசைவேகத்தின் டைவர்ஜென்ஸை (ஒரு இடத்தில் ஓட்டம் எவ்வளவு விரிகிறது என்பதை) வர்க்கப்படுத்தி, பாகுநிலையின் மூன்றில் இரண்டு பங்கால் பெருக்கிக் கழிக்க வேண்டும். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் அது வேண்டாம்.

பாராவியூவில் செய்வதென்றால் "கிரேடியன்ட்" ஃபில்டரைத் திசைவேகத்தின் மேல் போட்டு, "கால்குலேட்டர்" ஃபில்டரில் இந்தச் சூத்திரத்தை எழுதி, "இன்டகிரேட் வேரியபிள்ஸ்" போட்டால் மொத்த வாட் கிடைக்கும். ஓப்பன்ஃபோமுக்குள்ளேயே சில வரி கோட் எழுதிச் செய்வதுதான் நல்லது. காரணம், பாராவியூவில் புள்ளி மதிப்புகளை எடுத்துக் கணக்கிட்டால் சுவரோரத்துச் சரிவு மழுங்கிவிடும். பாராவியூதான் வேண்டும் என்றால் செல் மதிப்புகளையே பயன்படுத்துங்கள்.

5. மூன்று சின்னச் சோதனைகள்

உங்கள் நிஜ கேஸைத் தொடும் முன் இந்த மூன்றையும் முடியுங்கள். எனக்கு யாராவது இதை முன்பே சொல்லியிருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

முதல் சோதனை: இரண்டு தட்டுக்கு நடுவே எண்ணெய், ஒரு தட்டு நிற்கிறது, மற்றது ஓடுகிறது. ஓடும் வேகத்தை இடைவெளியால் வகுத்து, வர்க்கப்படுத்தி, பாகுநிலையால் பெருக்கினால் வருவதே விடை. உங்கள் நிரல் (புரோகிராம்) இதில் இரண்டு மடங்கு காட்டினால், சமச்சீராக்காத அணியை வர்க்கப்படுத்திவிட்டு இரண்டால் பெருக்கியிருக்கிறீர்கள்.

இரண்டாவது சோதனை: ஒரு வாளித் தண்ணீர், வாளியோடு சேர்ந்து ஒரே கட்டியாகச் சுழல்கிறது. அடுக்குகளுக்குள் உரசலே இல்லை, எனவே விடை பூஜ்யம். இணையத்தில் பல இடங்களில் "வர்டிசிட்டியை (ஓட்டத்தின் சுழற்சி அளவை) வர்க்கப்படுத்திப் பாகுநிலையால் பெருக்கு" என்று குறுக்குவழி சொல்லியிருப்பார்கள். நொடிக்கு 10 ரேடியன் சுழலும் என் எண்ணெயில் அந்த வழி கன மீட்டருக்கு 23 வாட் காட்டியது. இல்லாத வெப்பம்! கணக்கிடும் இடம் முழுவதும் கூட்டும்போது சில எல்லை நிபந்தனைகளில் (சுவர், நுழைவு போன்ற ஓரங்களில் நாம் கொடுக்கும் மதிப்புகளில்) இரண்டு வழியும் ஒரே தொகையைத் தரும் என்பது உண்மை. சுவரே சுழலும் ஸ்பிண்டிலில் அது பொருந்தாது.

மூன்றாவது சோதனை: நேரான குழாய். 20 மி.மீ. விட்டம், 1 மீட்டர் நீளம், சராசரி வேகம் நொடிக்கு 0.5 மீட்டர், பாகுநிலை 0.058. ஓட்டம் சீரானதா கொந்தளிப்பானதா என்று சொல்லும் ரெனால்ட்ஸ் எண் சுமார் 147, ஆக லேமினார், அதாவது அடுக்கடுக்காகச் சீராக ஓடும் ஓட்டம். அழுத்த வீழ்ச்சி 2,320 பாஸ்கல் வர வேண்டும். அதைக் கன அளவு ஓட்டத்தால் பெருக்கினால் 0.364 வாட். உங்கள் நிரல் குழாய் முழுதும் கூட்டித் தரும் பாகுநிலை இழப்பும் அதே 0.364 வாட்டாக இருக்க வேண்டும்.

இங்கே இரண்டு இடத்தில் சறுக்கும். குழாயை முழுதாகச் செய்யாமல் 5 டிகிரி கீற்றாகச் செய்திருந்தால் விடையை 72ஆல் பெருக்க மறக்காதீர்கள். கூட்டிய கன அளவையும் பாருங்கள். முழுக் குழாய்க்கு 0.000314 கன மீட்டர் வர வேண்டும், அது வந்தால்தான் வாட்டை நம்பலாம். அடுத்தது நுழைவாயில். எல்லா இடத்திலும் ஒரே வேகம் என்று கொடுத்தால், எண்ணெய் தன் பரவளைய வடிவத்துக்கு வர முதல் 18 செ.மீ. எடுத்துக்கொள்ளும். அந்த வடிவத்துக்கு இயக்க ஆற்றல் அதிகம். அதற்காக 107 பாஸ்கல் செலவாகும், அது வெப்பமாகாது. எனவே அழுத்த வீழ்ச்சியிலிருந்து அந்த 107ஐக் கழித்த பிறகே ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் நுழைவிலேயே பரவளைய வேகத்தைக் கொடுத்துவிடுங்கள்.

6. மெஷ்ஷைச் சுவரோரம் நெருக்குங்கள்

மேலே சொன்ன குழாயில், நடு மையத்திலிருந்து பாதி ஆரம் வரை பிறக்கும் வெப்பம் மொத்தத்தில் பதினாறில் ஒரு பங்குதான். சுவரை ஒட்டிய பத்தில் ஒரு பங்கு ஆரத்துக்குள்ளேயே 34 சதவீதம் பிறந்துவிடுகிறது. வேகம் அதிகமாக இருக்கும் நடுவில் மெஷ்ஷை நெருக்குவது இயல்பாகத் தோன்றும். வெப்பமோ ஓரத்தில் பிறக்கிறது.

ஆரத்தில் 5 செல் வைத்தபோது மொத்த வாட் சுமார் 5 சதவீதம் குறைவாக வந்தது. 10 செல்லுக்கு ஒன்றரை சதவீதத்துக்குள், 20 செல்லுக்கு அரை சதவீதத்துக்குள். அழுத்த வீழ்ச்சி சரியாக வந்துவிட்டது என்பதற்காக மெஷ் போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். இழப்பு என்பது சரிவின் வர்க்கம், சரிவில் இருக்கும் சின்னப் பிழை இங்கே இரட்டிப்பாகும். மூன்று மெஷ்ஷில் ஓட்டி, மூன்று விடையையும் ரிப்போர்ட்டில் போடுங்கள்.

மெஷ்ஷோடு சேர்ந்து வரும் இன்னொரு பிழை, முதல்படி அப்விண்ட் திட்டம், அதாவது ஓட்டம் வரும் பக்கத்துச் செல்லின் மதிப்பையே எடுத்துக்கொள்ளும் கணக்கு முறை. சீக்கிரம் கன்வர்ஜ் ஆகிறது (விடை மாறாமல் நிலைக்கிறது) என்று எல்லோரும் அதை வைப்பார்கள். அது எண்ணெயில் இல்லாத பாகுநிலையைத் தானாகச் சேர்க்கிறது. எவ்வளவு? வேகத்தைச் செல் நீளத்தால் பெருக்கிப் பாதியாக்குங்கள். நொடிக்கு 0.5 மீட்டர், 1 மி.மீ. செல் என்றால் 250 சென்டிஸ்டோக். நம் எண்ணெயோ 68. ஓட்டம் மெஷ்ஷோடு நேராகப் போகும் குழாயில் இது தெரியாது. எல்போவிலும் வால்விலும் தெரியும். அழுத்தம் விழும், ஆனால் நீங்கள் கூட்டிய வாட் அதைவிடக் குறைவாக வரும். காணாமல் போன வாட் அந்தப் பொய்ப் பாகுநிலையில் போயிருக்கும். இரண்டாம்படித் திட்டத்துக்கு மாறுங்கள்.

7. நிஜ கேஸ்

ஸ்பிண்டிலில் எண்ணெய்ப் படலம் 0.05 மி.மீ., சுற்றளவு 188 மி.மீ. படலத்தின் குறுக்கே 10 செல், சுற்றிலும் 360 செல் வைத்தேன். செல்கள் நூறு மடங்கு நீளமாக இருக்கும், பயப்பட வேண்டாம். டபுள் பிரசிஷன் (எண்களை இரட்டைத் துல்லியத்தில் வைப்பது) மட்டும் கட்டாயம்.

லேமினாரா என்று முதலில் பாருங்கள். ஷாஃப்ட் மேற்பரப்பின் வேகம் நொடிக்கு 9.42 மீட்டர். கேட்கப் பெரிதாக இருந்தாலும் இடைவெளி சிறிது என்பதால் ரெனால்ட்ஸ் எண் 16தான். அதை, இடைவெளிக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 0.7க்குள் வருகிறது. டெய்லர் சுழல்கள் (ஷாஃப்டைச் சுற்றி வளையம் வளையமாக வரும் சுழல்கள்) தோன்ற அது 41ஐத் தாண்ட வேண்டும். ஆக டர்புலன்ஸ் (கொந்தளிப்பு) மாடல் எதையும் தொடாமல் விட்டுவிடலாம்.

ஷாஃப்ட் நடுமையத்தில் நிற்கிறது என்று வைத்து, 60 டிகிரி பாகுநிலையில் வந்தது 484 வாட். மிக்ஸி ஒன்று முழு வேகத்தில் ஓடும் சக்திக்கு அருகில், ஒரு டீஸ்பூன் கூட நிறையாத எண்ணெய்க்குள். அந்தப் படலத்தின் மொத்தக் கன அளவு அரை மில்லிலிட்டரை ஒட்டித்தான்.

8. வரவும் செலவும் டேலி ஆக வேண்டும்

பட்டறை அண்ணன் கேட்ட கேள்வியை நான் ஒரு படியாகவே வைத்துக்கொண்டேன். கூட்டிய வாட்டை, அதோடு தொடர்பே இல்லாத இன்னொரு வழியில் வந்த வாட்டோடு ஒப்பிடுங்கள்.

குழாய்க்கு அந்த இன்னொரு வழி, அழுத்த வீழ்ச்சியும் ஓட்டமும். சுழலும் பொருளுக்கு, டார்க்கும் (முறுக்குவிசை) சுழல் வேகமும். ஷாஃப்ட் சுவரின் மேல் எண்ணெய் கொடுக்கும் டார்க்கை மென்பொருளிடம் கேட்டேன். 1.54 நியூட்டன்-மீட்டர். 3,000 சுற்று என்றால் நொடிக்கு 314.16 ரேடியன். பெருக்கினால் 484. கூட்டிய வாட்டும் அதே. அன்று ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஓப்பன்ஃபோமில் டார்க் கேட்கும்போது அடர்த்தியை நீங்களேதான் கொடுக்க வேண்டும். அங்கே 1 என்று இருந்தால் டார்க் 841 மடங்கு சிறியதாக வரும். இரண்டு வழிக்கும் நடுவே ஓரிரு சதவீத வித்தியாசம் இருந்தால் மெஷ். பத்து சதவீதம் என்றால் திட்டத்தையும் எல்லை நிபந்தனைகளையும் பாருங்கள். சரியாக இரண்டு மடங்கோ, 72 மடங்கோ, அடர்த்தி மடங்கோ என்றால் கொண்டாடுங்கள், தப்பு எங்கே என்று அந்த எண்ணே சொல்லிவிடும்.

9. வெப்பநிலையோடு சேர்த்து ஓட்டுவது

60 டிகிரி என்று நான் எடுத்தது எங்கிருந்து? முதலில் அது ஊகம்தான். வெப்பநிலை பாகுநிலையைத் தீர்மானிக்கிறது, பாகுநிலை வாட்டை, வாட் திரும்ப வெப்பநிலையை. இந்தச் சுற்றை நாலைந்து முறை சுற்றினால் ஒரு இடத்தில் நிற்கும். சிமுலேஷனுக்கு முன் எக்செலிலேயே சுற்றிப் பாருங்கள். நிமிடத்துக்கு 2 லிட்டர் எண்ணெய் படலத்தின் வழியே போய், வெப்பம் முழுவதையும் அதுவே எடுத்துச் சென்றால் 484 வாட்டுக்கு எண்ணெய் 8.6 டிகிரி ஏறும். நுழையும் எண்ணெயின் வெப்பநிலையை வெப்பமானியில் அளந்து, இதைக் கூட்டிப் பார்த்தால் உங்கள் ஊகம் சரியா என்று தெரிந்துவிடும்.

படலத்தின் குறுக்கே ஏறும் வெப்பம் குறைவு. இரண்டு சுவரும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் நடுவில் 2 டிகிரிதான் கூடும். ஒரு சுவர் வெப்பத்தையே கடத்தாது என்று எல்லை நிபந்தனை கொடுத்தால் அது நான்கு மடங்காகி 8 டிகிரியைத் தொடும். எல்லை நிபந்தனையைச் சும்மா நிரப்பிவிடாதீர்கள்.

முக்கியமான எச்சரிக்கை: ஆற்றல் சமன்பாட்டை ஓட்டுவதாலேயே இந்த வெப்பம் அதில் சேர்ந்துவிடுவதில்லை. ஆன்சிஸின் ஃப்ளூயன்டில் பிரஷர் பேஸ்டு சால்வர் வைத்திருந்தால் "விஸ்கஸ் ஹீட்டிங்" கட்டத்தில் நீங்களே டிக் போட வேண்டும். ஓப்பன்ஃபோமின் பல தீர்வுநிரல்களில் அந்த உறுப்பு சமன்பாட்டிலேயே இல்லை, தனி மூலமாக எழுதிச் சேர்க்க வேண்டும். சேர்ந்ததா என்று பார்க்க எளிய வழி: எல்லாச் சுவரையும் வெப்பம் கடத்தாததாக வைத்துக் குழாய்க் கேஸை ஓட்டுங்கள். 2,320 பாஸ்கலுக்கு வெப்பநிலை ஏற்றம் ஒரு டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் பாகுநிலையை ஆயிரம் மடங்காக்கி ஓட்டிப் பாருங்கள். அப்போது சுமார் 1.4 டிகிரி ஏற வேண்டும். துளியும் ஏறவில்லை என்றால் உறுப்பு சேரவில்லை.

10. டர்புலன்ட் ஓட்டமாக இருந்தால்

சராசரித் திசைவேகத்தில் மேலே சொன்ன சூத்திரத்தைப் போட்டால் வருவது மொத்த இழப்பில் ஒரு பகுதி மட்டும். கே-எப்சிலான் என்ற டர்புலன்ஸ் மாடலில், எப்சிலானை (கொந்தளிப்பின் ஆற்றல் வெப்பமாகும் வீதத்தை) அடர்த்தியால் பெருக்கி அதோடு கூட்ட வேண்டும். வால் ஃபங்ஷன் (சுவரோர வேகத்தை மெஷ்ஷால் பிடிக்காமல் சூத்திரத்தால் நிரப்புவது) வைத்திருந்தால் சுவரை ஒட்டிய செல்லின் சரிவு உண்மையானது அல்ல, அங்கே கூட்டிய வாட்டை நம்ப முடியாது. அந்த நிலையில் அழுத்த வீழ்ச்சியிலிருந்து வரும் வாட்டையே விடையாகச் சொல்லுங்கள். செல் செல்லாகப் பார்த்த படத்தை, இழப்பு எங்கே அதிகம் என்று காட்ட மட்டும் பயன்படுத்துங்கள்.

11. ரிப்போர்ட்டோடு இணைக்க வேண்டியவை

வரைபட நகலும், அளந்த கிளியரன்ஸும். டேட்டா ஷீட்டும், சோதனை அறிக்கையும். அலகு மாற்றிய அந்த ஒரு தாள். மூன்று சோதனைகளின் விடைகள், மூன்று மெஷ்ஷின் விடைகள், இரண்டு வழியில் வந்த வாட்டின் ஒப்பீடு. எந்த ஓப்பன்ஃபோம் பதிப்பு என்பதையும் எழுதுங்கள், பதிப்புக்குப் பதிப்பு கோப்புப் பெயர்கள்கூட மாறுகின்றன. கேஸ் ஃபோல்டரை இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். வண்ணப் படம் ஒன்று போதும்.

வைவாவில் என்னிடம் முதலில் கேட்டது மெஷ்ஷைப் பற்றி அல்ல. "40 டிகிரி பாகுநிலையை ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்டார்கள். 1,165 வாட் தாளைத்தான் எடுத்துக் காட்டினேன், பக்கத்திலேயே மோட்டாரின் நேம் பிளேட் போட்டோவும் இருந்தது.